கொட்டையா... பொடியா?

காபிப் பொடியில் சிக்கரி கலந்திருக்கிறதா, இல்லையா என்று கண்டுபிடிக்க முடியுமா?

‘முடியவே முடியாது’ என்று கையை விரித்தார் பிரிட்டனின் நிதியமைச்சர். டீக்கடை பெஞ்சில் அல்ல, நாடாளுமன்றத்தில். 1850-ஐ ஒட்டிய சமயம் அது. பெரிய பெரிய வேதியியல் நிபுணர்களையெல்லாம் விசாரித்தாகிவிட்டது, அவர்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

அந்த அமைச்சரின் பெயர் சர் சார்லஸ் உட். எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதே என்று யோசிக்கிறீர்களா? பள்ளிக்கூடத்தில் வரலாற்றுப் பாடத்தில் ‘சார்லஸ் உட் அறிக்கை, 1854’ என்று இரண்டு மதிப்பெண் கேள்விக்கு உருப்போட்டோமே... அதே உட்தான்! அவருடைய அறிக்கையால்தான் 1857-ல் நமக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் கிடைத்தது. கல்வி விஷயத்தில் தெளிவாக இருந்த மனிதர், காபி விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டார்.

சரி, நிதியமைச்சருக்கும் காபிக்கும் என்ன சம்பந்தம்? வேறென்ன, வரிதான். கப்பலில் வந்து இறங்கும் காபிக்கு வரி உண்டு. உள்ளூர் வயலில் விளையும் சிக்கரிக்கு வரி இல்லை. ஒன்று விலை அதிகம், இன்னொன்று சல்லிசு. வறுத்து அரைத்துவிட்டால் இரண்டும் ஒரே நிறம். இது போதாதா வியாபாரிக்கு? போதாக்குறைக்கு, காபியோடு சிக்கரியைக் கலந்து விற்கலாம் என்று 1840-ல் அரசாங்கமே அனுமதியும் கொடுத்துவிட்டது. எவ்வளவு கலக்கலாம், வாங்குபவரிடம் சொல்ல வேண்டுமா என்பதெல்லாம் காற்றில் பறந்தது. சிக்கரியைக் காபி விலைக்கு விற்றால் எவ்வளவு லாபம் என்பதைக் கணக்குப் போட பி.காம். படித்திருக்கத் தேவையில்லை.

நிதியமைச்சரின் பேச்சு ஒரு டாக்டரை உசுப்பிவிட்டது. ஆர்தர் ஹில் ஹாசல். வயது முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருந்தது. தாவரங்களை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதில் அவருக்குத் தனி ஆர்வம். வேதியியலில் தெரியவில்லை என்றால் என்ன, கண்ணால் பார்த்துவிடலாமே என்று கிளம்பினார். கடைகடையாகப் போய்க் காபிப் பொடி வாங்கி வந்து லென்சுக்கு அடியில் வைத்தார்.

பளிச்சென்று தெரிந்தது. காபிக் கொட்டையின் செல்கள் தடித்த சுவரோடு, கோணல் மாணலாக, உள்ளே எண்ணெய்த் துளிகளோடு இருக்கும். சிக்கரி என்பது ஒரு வேர். அதன் செல்கள் மெல்லிய சுவர் கொண்டவை. வேருக்கே உரிய நீளக் குழாய்களும் நடுவே தெரியும். வறுத்தாலும் அரைத்தாலும் இந்த ஜாடை மாறாது.

மொத்தம் 34 சாம்பிள். அதில் சுத்தமான காபி எத்தனை தெரியுமா? மூன்றே மூன்று. மீதி 31-லும் சிக்கரி. அவற்றில் 12-ல் வறுத்த தானியமும் சேர்ந்திருந்தது. ஒன்றில் பீன்ஸ் மாவு, ஒன்றில் உருளைக்கிழங்கு மாவு என்று உபரி விருந்தாளிகள் வேறு.

‘தி லான்செட்’ மருத்துவப் பத்திரிகையின் ஆசிரியர் தாமஸ் வாக்லி, ஹாசலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 1851-ல் ஆரம்பித்து 1854 வரை, காபி மட்டுமல்ல, பால், ரொட்டி, மிளகு, மிட்டாய் என்று லண்டன் கடைகளில் விற்ற அத்தனையும் லென்சுக்கு அடியில் போயின. முடிவுகளைப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். அதுவும் எப்படி? கடைக்காரரின் பெயர், முகவரியோடு! இன்றைக்கு ஒரு பத்திரிகை ஆசிரியர் இதைச் செய்யத் துணிவாரா என்று யோசித்துப் பார்க்கிறேன். பதில் சொல்வது கொஞ்சம் சங்கடம்.

1853-ல், கலந்து விற்றால் ‘சிக்கரி கலந்த காபி’ என்று பொட்டலத்தின் மேல் எழுதியே ஆக வேண்டும் என்று அரசாங்கம் இறங்கி வந்தது. 1860-ல் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. ஆரம்பத்தில் அதற்குப் பல் இல்லை. பல் முளைக்க 1875 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதுவரை சாதாரண ஜனங்கள் என்ன செய்வார்கள்? வீட்டுக்கு வீடு மைக்ராஸ்கோப் வைத்துக்கொள்ள முடியாதே! அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி, பொடியாக வாங்காமல் கொட்டையாக வாங்கி, வீட்டிலேயே அரைத்துக்கொள்வது. அந்தச் சின்னக் கை மெஷினைச் சமையலறைக்குள் கொண்டுவந்ததில் ருசிக்குப் பங்கு உண்டு. சந்தேகத்துக்கும் உண்டு. ருசியைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். சந்தேகத்தைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதுவதில்லை.

அந்த மெஷின் எங்கிருந்து வந்தது?

முதலில் மெஷினெல்லாம் கிடையாது. உரல்தான். அரபு நாடுகளில் வறுத்த கொட்டையை உரலில் போட்டு இடித்தார்கள். பாலைவனத்து பெதூயின் கூடாரங்களில் உலக்கைச் சத்தமே ஒரு அழைப்பு. தாளம் போட்டு இடிப்பார்கள். சத்தம் கேட்டால், ‘காபி தயாராகிறது, வாங்க’ என்று அர்த்தம். அடுத்து வந்தது துருக்கிக்காரர்களின் பித்தளை மெஷின். நீளமான உருளை. தலையில் மடக்கி வைத்துக்கொள்ளும் கைப்பிடி. பயணத்தில் பையில் சொருகிக்கொள்ளலாம். உள்ளே பல் வைத்த ஒரு கூம்பு, அதைச் சுற்றிப் பல் வைத்த ஒரு வளையம். கைப்பிடியைச் சுற்றினால் கூம்பு சுழலும், கொட்டை இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நொறுங்கி, கீழே இறங்க இறங்கப் பொடியாகும். நம்ம வீட்டுத் திருகைக் கல்லின் தத்துவம்தான். கல்லுக்குப் பதில் உலோகம், அவ்வளவே. இன்றைக்கு ஆயிரக்கணக்கில் விலை போகும் நவீன கை கிரைண்டர்களை எடுத்துப் பாருங்கள். அச்சு அசல் அதே உருளை, அதே கூம்பு, அதே கைப்பிடி!

ஐரோப்பாவில் இதை மரப்பெட்டிக்குள் வைத்தார்கள். மேலே கிண்ணமும் கைப்பிடியும், கீழே பொடி விழ ஒரு குட்டி டிராயர். நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டியை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும். ஜெர்மானிய வீடுகளில் பாட்டிமார்களின் மடியிலேயே இது குடியிருந்தது. ‘மடி மெஷின்’ என்றே அதற்குப் பெயர்.

பெட்டி யார் வேண்டுமானாலும் செய்யலாம். பல்தான் பிரச்னை. வறுத்த கொட்டை பார்க்கத்தான் சாது. தினமும் அரைத்தால் மட்டமான இரும்பு மழுங்கிவிடும். பல் மழுங்கினால் அரைபடாது, நசுங்கும். நல்ல எஃகு வேண்டும். அது யாரிடம் இருந்தது? பிரான்சின் கிழக்கே ஒரு குடும்பத்திடம். 1810-ல் தங்களுடைய மாவு மில்லை இரும்புப் பட்டறையாக மாற்றி, ரம்பம் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். மரத்தை அறுக்கும் பல்லைச் செய்யத் தெரிந்தவர்களுக்குக் காபியை அரைக்கும் பல் செய்வது கஷ்டமா? 1840-ல் அவர்களுடைய முதல் காபி மெஷின் கடைக்கு வந்தது. 1874-ல் மிளகு மெஷின். அப்புறம் சைக்கிள். 1889-ல் கார்!

ஆம், பெஜோ. நம்ம ஊர்ச் சாலைகளிலும் 1990-களில் ‘பெஜோ 309’ என்று கொஞ்ச காலம் ஓடிவிட்டுக் காணாமல் போனதே, அந்தக் கம்பெனி. காரின் முகப்பில் இருக்கும் சிங்கம் காருக்காக வரைந்தது அல்ல. 1858-ல் பதிவு செய்தது. ரம்பத்தின் பல் சிங்கத்தின் பல் மாதிரி என்று சொல்வதற்காக வைத்த சிங்கம் அது. கார் பிறப்பதற்கு முப்பது வருடம் முன்பே, ரம்பத்துக்காகக் கர்ஜிக்க ஆரம்பித்துவிட்டது.

லண்டனுக்குத் திரும்புவோம். கொட்டையாக வாங்கினால் ஏமாற்ற முடியாது என்று ஜனங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள் அல்லவா? அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. லிவர்பூலில் டக்வொர்த் என்ற ஒரு நிறுவனம் புதிதாக ஒரு மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியது. சிக்கரியைக் காபிக் கொட்டை வடிவத்தில் அச்சடித்துத் தள்ளும் மெஷின்!

கொஞ்சம் நிறுத்தி யோசித்துப் பாருங்கள். நடுவில் கோடு போட்ட கொட்டை. காபி நிறம். காபி உருவம். உள்ளே வெறும் வேர்ப்பொடி. அதற்கு அரசாங்க முத்திரையோடு காப்புரிமை வேறு. கள்ள நோட்டு அடிப்பவன் தன்னுடைய அச்சு மெஷினை ரிஜிஸ்டர் செய்துகொண்ட கதை. இதைவிட நெஞ்சழுத்தம் இருக்க முடியாது.

சிக்கரி மேல் இவ்வளவு பழி போட்டுவிட்டேன். அதன் தரப்பையும் சொல்லிவிட வேண்டும். அது விஷம் இல்லை. காபிக்கு மாற்றாக அதைப் பெரிய அளவில் தயாரிக்க ஆரம்பித்தது பதினெட்டாம் நூற்றாண்டின் ஜெர்மன் நாடுகள். காபிக்காகப் பணமெல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறதே என்று பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் கவலைப்பட்டார். 1781-ல் அனுமதி இல்லாமல் யாரும் காபி வறுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். தெருத் தெருவாக மோப்பம் பிடித்துக்கொண்டு போக ஓய்வுபெற்ற படைவீரர்களை வேலைக்கு வைத்தார். காபி மோப்பக்காரர்கள்! வீட்டுக்குள் வறுத்தால் வாசனை காட்டிக் கொடுத்துவிடுமே. அப்படிப்பட்ட ஊரில் சிக்கரி செழித்ததில் ஆச்சரியம் இல்லை. அடுத்து நெப்போலியன் பிரிட்டிஷ் சரக்குகளுக்குக் கதவடைத்ததும் பிரான்சில் சிக்கரி பரவியது. பற்றாக்குறைக் காலத்தில் உதவிக்கு வந்த வேர் அது. பற்றாக்குறை தீர்ந்த பிறகும் நாக்கு அதை விடவில்லை. குற்றம் வேரில் இல்லை, சொல்லாமல் கலந்ததில்தான்.

அட்லான்டிக்குக்கு அந்தப் பக்கம் இதே சந்தேகம் ஒரு ராணுவத்தையே பிடித்து ஆட்டியது. 1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர். வடக்கு மாகாணங்களின் படையில் நூறு வீரர்களுக்கு ஒரு நாளைக்கு 8 பவுண்டு வறுத்த காபி, அல்லது 10 பவுண்டு பச்சைக் கொட்டை என்று ரேஷன். வறுத்ததில் ஆளுக்குச் சுமார் 36 கிராம். தாராளம்தான்! ஆனால் பெரும்பாலும் கொட்டையாகவே கொடுத்தார்கள். பொடியாகக் கொடுத்தால் சீக்கிரம் வாசனை போய்விடும் என்பது ஒன்று. கான்ட்ராக்டர் எதையாவது கலந்து தலையில் கட்டிவிடுவான் என்ற பயம் இன்னொன்று. கொட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தால் சிப்பாய்க்கும் ஒரு நிம்மதி.

அந்தப் படையில் இருந்த ஜான் பில்லிங்ஸ் பிற்பாடு, 1887-ல், தன் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். ரேஷனைப் பங்கு பிரிப்பதை அதில் விவரித்திருக்கிறார். தரையில் ஒரு ரப்பர் விரிப்பு. அதன் மேல் ஆளுக்கு ஒரு குவியலாகக் காபியும் சர்க்கரையும். எந்தக் குவியல் யாருக்கு என்பதில் சண்டை வரக் கூடாது. அதனால் சார்ஜென்ட் திரும்பி நின்றுகொள்வார். ஒருவர் ஏதாவது ஒரு குவியலைத் தொட்டு, ‘இது யாருக்கு?’ என்று கேட்க, பார்க்காமலேயே ஒரு பெயரைச் சொல்வார். நாலு ஸ்பூன் காபிக்கு இவ்வளவு சம்பிரதாயம்!

அப்புறம் அரைக்க வேண்டுமே? மூட்டையில் காபி மெஷின் எதுவும் கிடையாது. துப்பாக்கிக் கட்டையைத் திருப்பிப் பிடித்து, பாறை மேல் போட்டு நசுக்கினார்கள். இல்லாவிட்டால் ஒரு தகர டப்பாவில் கொட்டி பயனெட்டால் இடித்தார்கள். மறுபடியும் உரல் காலம்.

இங்கே ஒரு பிரபலமான கதை உண்டு. ஷார்ப்ஸ் என்ற துப்பாக்கியின் கட்டைக்குள்ளேயே காபி மெஷின் பொருத்தி, கம்பெனிக்கு ஒன்று கொடுத்தார்கள் என்று. பக்கவாட்டில் கைப்பிடியோடு அப்படிச் சில துப்பாக்கிகள் மியூசியங்களில் இன்றும் இருக்கின்றன. ஆனால் அதில் காபிக் கொட்டையைப் போட்டுச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். சரியாக அரைபடவில்லை. குதிரைப்படை வீரர்கள் வழியில் கிடைக்கும் சோளத்தையோ கோதுமையையோ உடைத்துக்கொள்ளச் செய்த ஏற்பாடு என்பதுதான் இன்றைய ஆராய்ச்சியாளர்களின் கணிப்பு. செய்ததும் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். காபிதான் கதைக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று உலகம் முடிவு செய்துவிட்டது, யார் என்ன செய்ய முடியும்?

போர் முடிந்த பிறகு அர்பக்கிள் சகோதரர்கள் வறுத்த கொட்டையைப் பாக்கெட்டில் போட்டு விற்றார்கள். வாசனை போகாமல் இருக்க, கொட்டைக்கு மேல் முட்டையும் சர்க்கரையும் சேர்த்த ஒரு பூச்சு. ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய்க் குச்சி. மாடு மேய்க்கும் கௌபாய் முகாம்களில் சமையல்காரர் ‘மிட்டாய் யாருக்கு?’ என்று குரல் கொடுப்பாராம். அரைத்துக் கொடுப்பவருக்குத்தான் மிட்டாய். இடுப்பில் துப்பாக்கி தொங்கும் முரட்டு ஆசாமிகள் முண்டியடித்துக்கொண்டு வருவார்கள் என்று சொல்வார்கள்.

1900-ல் சான்பிரான்சிஸ்கோவின் ஹில்ஸ் பிரதர்ஸ், காற்றை உறிஞ்சி எடுத்த டின்னில் காபியை அடைத்தார்கள். அதற்கும் முன்பே, 1871-ல், இஸ்தான்புல்லில் மெஹ்மத் எஃபெண்டி என்பவர் வறுத்து அரைத்த பொடியாகவே விற்க ஆரம்பித்திருந்தார். நம்பிக்கையான பிராண்டு வந்த பிறகு முழங்காலில் இடுக்கிக்கொண்டு எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்? கை மெஷின் மெள்ள மெள்ளப் பரணுக்குப் போனது.

நம் பக்கத்திலும் அதே கதைதான். ஒரு காலத்தில் தஞ்சாவூர், கும்பகோணம் வீடுகளில் பச்சைக் கொட்டை வாங்கி, வறுத்து, பலகையில் திருகி வைத்த மெஷினில் அன்றன்றைக்கு அரைத்தார்கள். பீபெரியா, பிளான்டேஷன் ஏ-யா என்று பட்டிமன்றமே நடக்கும். சுற்றுகிற வேலை பெரும்பாலும் வீட்டுப் பையன்கள் தலையில். பிறகு தெருமுனையில் அரவைக் கடை வந்தது. கண் முன்னால் அரைத்துக் கொடுத்தார்கள். ‘எண்பது இருபது போடுங்க’ என்று நாமே சிக்கரியைக் கேட்டு வாங்கினோம். இன்று பாக்கெட்.

அந்தப் பாக்கெட்டைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்திருக்கிறீர்களா? காபி இத்தனை சதவிகிதம், சிக்கரி இத்தனை சதவிகிதம் என்று போட்டிருக்கும். போட்டே ஆக வேண்டும், அது சட்டம். சிக்கரி 49 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் சட்டம். அதாவது, நூறு கிராமில் 51 கிராம் காபி இருந்தால் போதும்! லேபிள் இல்லாத பொடியில் புளியங்கொட்டைத் தூள் வரை போகிறது விஷயம். வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, மேலே ஒரு சிட்டிகை பொடியைத் தூவுங்கள். காபி கொஞ்ச நேரம் மிதக்கும். சிக்கரி உடனே பழுப்பு நிறக் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும்.

சமீப வருடங்களில் கை மெஷின் பரணிலிருந்து இறங்கி வந்திருக்கிறது. ஜெர்மனியின் ‘கமாண்டன்டே’, தைவானின் ‘ஒன்ஸெட்பிரெஸ்ஸோ’, சீனாவின் ‘டைம்மோர்’, ஜப்பானின் ‘ஹாரியோ’ என்று வரிசை கட்டுகின்றன. ஆயிரத்துச் சொச்சம் ரூபாயிலும் இருக்கிறது, இருபதாயிரத்தைத் தாண்டியும் இருக்கிறது. எதை வாங்குவது?

மிக்ஸியை மறந்துவிடுங்கள். அதன் பிளேடு அரைப்பதில்லை, வெட்டுகிறது. பாதி மாவாகவும் பாதி குருணையாகவும் வரும். மாவிலிருந்து கசப்பு அதிகம் இறங்கும், குருணையிலிருந்து ஒன்றும் இறங்காது. ஒரே டிகாக்‌ஷனில் இரண்டு கோளாறு. பொடி ஒரே சீராக இருக்க வேண்டும், அதற்குத்தான் கூம்பும் வளையமும்.

கை மெஷினில் முதலில் பார்க்க வேண்டியது பிராண்டு அல்ல, நடுத் தண்டு. விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மலிவான மெஷின்களில் தண்டுக்கு ஒரு பக்கம்தான் பிடிமானம். ஆடும். கூம்பு ஆடினால் ஒரு பக்கம் இடைவெளி கூடும், மறு பக்கம் குறையும், பொடி ஒரே சீராக வராது. மேலும் கீழும் பேரிங் வைத்துப் பிடித்த தண்டு ஆடாது. காசு அதற்குத்தான் கொடுக்கிறோம். அடுத்தது பல். பீங்கான் பல் துருப்பிடிக்காது, ஆனால் பொதுவாக மெதுவாக அரைக்கும். கூராகக் கடைந்த எஃகுப் பல் சர்ரென்று அரைக்கும். 20 கிராமுக்கு ஒரு நிமிடம் போதும். நாம் வாங்கும் கொட்டை நன்றாக வறுபட்டது, கைக்கு அவ்வளவு வலிக்காது. இளசாக வறுத்த கொட்டைதான் கல் மாதிரி இருக்கும். எஃகைத் தண்ணீரில் கழுவாதீர்கள், பிரஷ்ஷால் தட்டினால் போதும். மிளகும் மல்லியும் போட்டு அரைத்தீர்களென்றால் அப்புறம் அது ரசப்பொடி மெஷின்.

கொள்ளளவையும் கேளுங்கள். இவற்றில் பல, ஒருவர் குடிக்கும் கோப்பைக்காகச் செய்தவை. 20, 30 கிராம்தான் பிடிக்கும். வீட்டில் நாலு பேர் என்றால் பில்டருக்கு இரண்டு ஈடு அரைக்க வேண்டிவரும். பழைய மரப்பெட்டி மாடலின் பெரிய கிண்ணம் இந்த விஷயத்தில் தேவலை. அழகுக்காகப் பழைய துருக்கிப் பித்தளை உருளை வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது மைதா போல அரைக்கச் செய்தது. அந்தப் பொடியைப் பில்டரில் போட்டால் அடைத்துக்கொண்டு சொட்டுக்கூட இறங்காது.

பில்டருக்கு நடுத்தரத்துக்குக் கொஞ்சம் நைஸ். டிகாக்‌ஷன் மளமளவென்று இறங்கித் தண்ணியாக இருந்தால் ஒரு ‘கிளிக்’ உள்ளே, மணிக்கணக்கில் நின்றால் ஒரு ‘கிளிக்’ வெளியே. இன்னொன்று, சுத்தக் காபிக்கு மாறும்போது முதல் நாள் டிகாக்‌ஷன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறங்கிவிடும், நிறமும் குறைவாக இருக்கும். மெஷினைத் திட்ட வேண்டாம். இதுவரை தண்ணீரைப் பிடித்து நிறுத்தி, நிறமும் கொடுத்துக்கொண்டிருந்தது சிக்கரி. இன்னும் கொஞ்சம் நைஸாக அரைத்துப் பாருங்கள். அப்படியும் பழைய கெட்டி டிகாக்‌ஷன்தான் வேண்டும் என்று நாக்கு அடம் பிடித்தால், சிக்கரியைப் பொடியாகத் தனியே வாங்கி வைத்துக்கொண்டு, அரைத்த காபியில் கலந்துகொள்ளுங்கள். மெஷினுக்குள் போட வேண்டாம், ஈரத்தை இழுத்துப் பிசுபிசுத்துப் பல்லில் ஒட்டிக்கொள்ளும். ஐந்து ஸ்பூனுக்கு ஒரு ஸ்பூனில் ஆரம்பிக்கலாம்.